கல்லுக்குப் பெயர் வைக்கும் முன்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் பள்ளியில் பிள்ளைகள் கல் சேர்க்கிறார்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் நிலவியல் படித்தவள் இல்லை. விலங்கியலில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, பெரம்பலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தி வருகிறேன். ஆகவே இதை ஒரு நிபுணரின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்னக் கல்லை வைத்து நான் செய்த தவறையும், அதன் பிறகு கற்றுக்கொண்டதையும் சொல்லப் போகிறேன். அதே மாதிரிக் கல் நாளைக்கு உங்கள் மேசைக்கும் வரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு கல்லை எடுத்து என்னிடம் நீட்டினாள். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஐந்து முனைகளோடு, யாரோ அளவெடுத்து வெட்டியது போன்ற நட்சத்திரம்.

"ஆடு ஓட்டிக்கிட்டுப் போனப்ப ஓடையில கெடந்துச்சு டீச்சர். இது என்ன டீச்சர்?"

அந்த மாதம் அறிவியல் கண்காட்சி. எனக்கோ அவசரம். ஒரு புத்தகத்தைப் புரட்டி, பார்ப்பதற்கு ஒத்துப்போன ஒரு படத்தின் அடியில் இருந்த நீளமான லத்தீன் பெயரை அட்டையில் எழுதி ஒட்டினேன். அது கடல் அல்லி என்ற விலங்கின் தண்டுப் பகுதி என்பதுவரை சரிதான். மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்த கற்களோடு அவளுடைய கல்லையும் சேர்த்து ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.

கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் நிலவியல் பேராசிரியர். லென்ஸ் வைத்துக் கல்லைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அருமையான கல் பாப்பா. எந்த ஓடையில் கிடைத்தது? இந்தப் பெயர்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டிலில் அதே போல நாலைந்து கற்கள் இருந்தன. மூன்று ஊர் ஓடைகளிலிருந்து வந்தவை. அவளுடையது எது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "பேரு டீச்சர் சொன்னாங்க" என்றாள். நடுவர் கோபப்படவில்லை. "தண்டின் ஒரு வட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் பெயர் சொல்ல முடியாதே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அப்ப அது பொய்யா டீச்சர்?" கல் பொய்யில்லை, நான் எழுதிய அட்டைதான் பொய் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்துதான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

பெயரிலேயே ஒரு சிக்கல்

கடல் அல்லி என்று சொன்னவுடன் பிள்ளைகள் செடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விலங்கு. நட்சத்திர மீன், கடல் அர்ச்சின், கடல் வெள்ளரி ஆகியவற்றோடு முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தது. கடலடியில் ஒரு தண்டு. தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற உடல். அதைச் சுற்றி இறகு போன்ற கைகள். அந்தக் கைகளால் நீரில் மிதந்து வரும் நுண்ணிய உணவைப் பிடித்து உண்ணும்.

தண்டு ஒரே துண்டாக இருப்பதில்லை. காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, சிறு சிறு சுண்ணாம்பு வட்டுகளால் ஆனது. உயிரோடு இருக்கும்வரை இணைப்புத் திசுக்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். விலங்கு இறந்து திசு அழுகியதும் மாலை அறுந்தது போல வட்டுகள் சிதறிவிடும். அதனால்தான் முழுக் கடல் அல்லி கிடைப்பது அபூர்வம். தண்டு வட்டுகள் கிடைப்பது சாதாரணம். உடனடியாகச் சேற்றில் புதைந்துபோனவை மட்டுமே முழு உருவத்தோடு தப்பின.

இந்த இனம் அழிந்துவிடவில்லை. தண்டுள்ளவை இன்று பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்கின்றன. வளர்ந்தபின் தண்டை இழந்து திரியும் உறவினர்களான இறகு நட்சத்திரங்கள் நம் மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளிலும் உண்டு. பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால், புதைபடிவம் என்பது செத்துப்போன ஏதோ ஒன்று என்ற எண்ணம் மாறி, பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் மேல் ஓர் உறவு வருகிறது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

ஒரு கல் கடல் அல்லித் தண்டுதானா என்று அறிய நான்கு கேள்விகள் போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் பழைய பல்துலக்கியால் மண்ணைத் தட்டி எடுத்துவிடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம்.

முதல் கேள்வி: ஐந்து இருக்கிறதா? முட்தோலிகளின் உடல் அமைப்பு ஐந்தின் கணக்கில் போகும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஓரம் ஐங்கோணம், உள்ளே ஐந்து அறை. நட்சத்திர வட்டும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நம் பகுதிப் பாறைகளைப் போல டைனோசர் காலத்தைச் சேர்ந்த கடற்பாறைகளில் நட்சத்திரமும் ஐங்கோணமும் பெரும்பாலும் கிடைக்கும். அவற்றைவிடப் பழைய பாறைகளில் வட்ட வட்டுகளே அதிகம். ஆகவே வட்டமாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி: நடுவில் துளை இருக்கிறதா? ஒவ்வொரு வட்டின் நடுவிலும் ஒரு கால்வாய் ஓடியது. உளுந்து வடைத் துளை போலப் பெரிதாக இருக்கலாம். ஊசி முனை அளவுக்குச் சிறிதாகவும் இருக்கலாம். நட்சத்திர வட்டுகளில் துளை மிகச் சிறியது, மண் அடைத்திருக்கும். லென்ஸ் இல்லாமல் தெரியாது.

மூன்றாவது கேள்வி: தட்டையான முகத்தில் கோலம் இருக்கிறதா? ஒரு வட்டு அடுத்த வட்டோடு வழுக்காமல் பொருந்துவதற்காக முகத்தில் நுண்ணிய மேடும் பள்ளமும் இருக்கும். வட்ட வட்டுகளில் இவை ஓரத்திலிருந்து மையம் நோக்கிக் கதிர்களாகப் போகும். நட்சத்திர வட்டுகளில் நித்தியகல்யாணிப் பூவின் ஐந்து இதழ்கள் போல அமையும். ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் சீப்புப் பல் போன்ற வரிகள் இருக்கும். மற்றக் கற்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இது மிக உறுதியானது.

நான்காவது கேள்வி: உடைந்த இடம் எப்படி மின்னுகிறது? கடல் அல்லியின் ஒவ்வொரு வட்டும் ஒரே கால்சைட் படிகம் போல நடந்துகொள்ளும். ஏற்கெனவே உடைந்த முகத்தை வெயிலில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் முழு முகமும் சட்டென்று கண்ணாடித் துண்டு போல ஒளிரும். இதைப் பார்ப்பதற்காக நல்ல கல்லை உடைத்துவிடாதீர்கள். பாட்டிலில் உடைந்த துண்டு ஒன்றாவது இருக்கும்.

எலுமிச்சைச் சாறோ நீர்த்த அமிலமோ விட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நுரை வந்தால் சுண்ணாம்பு என்று தெரியும், அவ்வளவுதான். கிளிஞ்சலும் நுரைக்கும், சாதாரணச் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும். அதற்காக முகத்தில் இருக்கும் கோலத்தை அரித்துவிட வேண்டாம்.

ஏமாற்றும் உருவங்கள்

எங்கள் பக்கத்துக் காரைக் களிமண் ஓடைகளைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்த மண் அது. ஒவ்வொரு மழைக்கும் புதிதாக அரித்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். அங்கே கடல் அல்லித் தண்டோடு குழம்பக்கூடிய நான்கு பொருள்கள் உண்டு.

ஒன்று, பெலம்னைட். கணவாய் மீனின் பழைய உறவினருடைய உள்ளோட்டின் பகுதி. துப்பாக்கி ரவை போல உருண்டு, நுனி கூர்ந்து இருக்கும். அதில் வட்டுகளாகப் பிரியும் கோடுகள் கிடையாது. உடைந்த முகத்தில் மையத்திலிருந்து நாலாபுறமும் ஊசி ஊசியாகக் கதிர்கள் ஓடும்.

இரண்டு, குழாய்ப் புழுக்களின் கூடு. வளைந்தும் சுருண்டும் இருக்கும். சில, சின்ன முறுக்கு போலவே சுற்றியிருக்கும். உள்ளே குழாய், வெளியே சுவர். ஐந்தின் கணக்கு இல்லை.

மூன்று, ஜிப்சம். இதுவும் வெயிலில் பளபளக்கும். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நகத்தால் கீறிப் பாருங்கள். ஜிப்சத்தில் கீறல் விழும், கால்சைட்டில் விழாது.

நான்கு, கடல் அர்ச்சினின் முள். இதில்தான் ஆசிரியர்களே தடுமாறுவோம். அதுவும் முட்தோலி என்பதால் உடைந்த முகம் கடல் அல்லியைப் போலவே மின்னும். அடிப்பகுதியைப் பாருங்கள். முள்ளின் அடியில் உடலோடு பொருந்தும் குழிவான மூட்டு இருக்கும், நுனி நோக்கிச் சிறுத்துப் போகும், வட்டுகளாகப் பிரியாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

நான்கு கேள்விக்கும் விடை ஒத்துப்போனால், "இது கடல் அல்லித் தண்டின் வட்டு" என்று தயங்காமல் எழுதலாம். அடுத்த கேள்வி உடனே வரும்: "என்ன இனம் டீச்சர்?" நான் வழுக்கி விழுந்தது இங்கேதான்.

ஒரே விலங்கின் ஒரே தண்டில் எல்லா வட்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. நட்சத்திரத் தண்டுள்ள வகைகளில் உடலுக்கு அருகில் இருக்கும் வட்டுகள் கூர்மையான நட்சத்திரமாக இருக்கும். கீழே போகப் போக முனை மழுங்கி ஐங்கோணமாகும், சிலவற்றில் ஏறக்குறைய வட்டமாகிவிடும். இளம் வட்டு மெல்லியது, முதிர்ந்தது தடித்தது. இடையிடையே சில வட்டுகளில் மட்டும் பக்கவாட்டில் ஐந்து குழிகள் இருக்கும். தண்டின் சிறு பற்றுக் கிளைகள் பொருந்திய இடம் அது. ஆக, ஒரு தண்டின் மூன்று வட்டுகளை மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தால் மூன்று பெயர் சொல்வார்கள். மறுபக்கம், வெவ்வேறு இனங்களின் வட்டுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கவும் கூடும். இனத்தைப் பிரித்தறியப் பெரும்பாலும் கிண்ணமும் கைகளும் தேவைப்படும். அவை நம் கையில் இல்லை.

ஆகவே அட்டையில் "கடல் அல்லித் தண்டு வட்டு. இனம் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் சரியான விடை. அதைக் குறைந்த மதிப்பெண் விடையாக நினைக்க வேண்டாம். சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் நாமும் போயிருக்கிறோம்.

பெரியவர்களும் தடுமாறிய கல்தான் இது. இங்கிலாந்தின் வடகிழக்கில் லிண்டிஸ்பார்ன் தீவுக் கரையில் ஒதுங்கும் வட்ட வட்டுகளை மக்கள் ஜெபமாலை மணிகளாகக் கோத்தார்கள். 687-இல் மறைந்த புனித கத்பர்ட் என்ற துறவி செய்தவை என்று நம்பி, கத்பர்ட் மணிகள் என்றே அழைத்தார்கள். 1670-களில் மார்ட்டின் லிஸ்டர் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட கற்களைக் கூர்ந்து ஆராய்ந்து விவரித்தார். சிலந்திகளையும் சங்குகளையும் பற்றி முக்கியமான நூல்கள் எழுதியவர். அவருக்கே இவை பாறையில் முளைத்த தாவரங்கள் போலத்தான் தோன்றின. 1755-இல் பிரான்சின் கெத்தார், மேற்கிந்தியத் தீவுகளின் கடலிலிருந்து வந்த தண்டுள்ள கடல் அல்லி ஒன்றை விவரித்த பிறகுதான் கல்லுக்கும் விலங்குக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தொடங்கியது. 1821-இல் பிரிஸ்டலில் வாழ்ந்த மில்லர், அல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிரைனாய்டியா என்ற பெயரைக் கொடுத்தார்.

லிஸ்டரின் முடிவு தவறு. ஆனால் அவர் பார்த்ததை அப்படியே எழுதி, படமும் போட்டு வைத்தார். அதனால் பின்னால் வந்தவர்களுக்கு அது பயன்பட்டது. என் அட்டையில் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் பார்த்தது எதுவும் இல்லை.

இடம் இல்லாத கல்

இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வருகிறேன். பெயர்த் தவறைத் திருத்திவிடலாம். பத்து ஆண்டு கழித்து ஒரு நிபுணர் பார்த்தாலும் அட்டையை மாற்றி எழுதிவிடலாம். எந்த ஓடையில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்ற செய்தி போய்விட்டால் அது போனதுதான். கல்லின் வயது அந்த அடுக்கில் இருக்கிறது. அதோடு சேர்ந்து கிடந்த மற்ற உயிர்களின் கதையும் அங்கேதான் இருக்கிறது.

நம் மண்ணின் புதைபடிவ ஆய்வே ஆர்வத்தால் கல் சேர்த்தவர்களிடமிருந்துதான் தொடங்கியது. 1840-களில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். மூன்று இடத்துக் கற்களும் கலந்துவிடாமல் போய்ச் சேர்ந்ததால்தான் அவரால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட முடிந்தது. அதன் பிறகு பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து வரைபடமாக்கினார். ஸ்டோலிக்ஸ்கா இங்குள்ள புதைபடிவங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். அவற்றில் முட்தோலிகளைப் பற்றிய பகுதி 1873-இல் வெளிவந்தது. கேயும் கன்லிஃபும் மூன்று இடத்துக் கற்களையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

இப்போது எங்கள் பள்ளியில் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். செலவு அதிகமில்லை.

கல் கொண்டுவரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே எடுத்தாய்?" என்பதைத்தான். ஊர், ஓடை, பக்கத்தில் உள்ள அடையாளம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அந்தப் பிள்ளையே ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். கல்லும் தாளும் ஒரே தீப்பெட்டிக்குள் போகும். ஒரு கல்லுக்கு ஒரு தீப்பெட்டி. மண்ணில் தானாகக் கிடந்ததா, மண் அடுக்கிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததா என்பதையும் எழுதச் சொல்கிறேன். ஓடையில் உருண்டு வந்த கல் வேறு, அடுக்கிலேயே இருந்த கல் வேறு.

அடுத்து, பார்த்து வரைதல். லென்ஸ் வழியாகப் பார்த்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தெரிவதை மட்டும் வரைய வேண்டும். புத்தகம் அப்போது மூடியே இருக்கும். நான்கு கேள்விக்கும் "ஆம்", "இல்லை", "தெரியவில்லை" என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பெயர் எழுதும் இடம் தாளின் கடைசியில்தான் இருக்கும்.

வெண்டைக்காய் நறுக்கிக் களிமண்ணில் அச்சு எடுப்பது, காசுகளை நூலில் கட்டி அடுக்கி நூலை அறுத்துவிடுவது போன்ற செயல்பாடுகள் ஆறாம் வகுப்புக்கே ஏற்றவை. மேல் வகுப்பில் எவரெஸ்டைச் சொல்லலாம். 8,849 மீட்டர் உயரத்தில், அந்த உச்சிப் பாறையிலும் கடல் அல்லித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கடலடி எப்படி மலையுச்சி ஆனது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

எச்சரிக்கையாகச் சிலவும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. மழை பெய்யும்போது ஓடைப் பக்கமே போகக் கூடாது. சாத்தனூர் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அடுக்கைத் தோண்ட வேண்டாம், மழை வெளியே கொண்டுவந்து போட்டதில் ஒன்றிரண்டு போதும். விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்க வேண்டாம். அரிதாகத் தெரியும் கல் கிடைத்தால், குறிப்போடு சேர்த்துப் பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறையிலோ, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்திலோ காட்டிக் கேளுங்கள்.

முடிக்கும் முன் அந்த மாணவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி முடிந்த மறு வாரம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "அந்தப் பெயரை நான் உறுதியாகத் தெரியாமல் எழுதினேன். இடத்தைக் கேட்காமல் பாட்டிலில் போட்டதும் என் தவறு" என்று சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவள்தான் எழுந்து, "கல்லை எடுத்த எடம் எனக்குத் தெரியும் டீச்சர். போய்த் தேடலாமா?" என்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை, அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அன்று நட்சத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு பெலம்னைட் துண்டு கிடைத்தன. இரண்டையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு, இடத்தையும் தேதியையும் அவளே எழுதினாள். எங்கள் பள்ளிச் சேகரிப்பில் முதல் இரண்டு எண்கள் அவளுடையவைதான். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் அதே அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் புதிய அட்டை ஒட்டியிருக்கிறோம்: "கடல் அல்லித் தண்டு வட்டுகள். இனம் தெரியவில்லை. இடம் குறிக்கப்படவில்லை."

புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "ஏன் டீச்சர் எடம் குறிக்கல?" என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் கல் சேர்க்கும் பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

நீங்களும் ஒரு லென்ஸும் ஒரு கட்டுத் தீப்பெட்டியும் வாங்கி வையுங்கள். பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.